ரைல்ஸுக்குக் கீழே

எங்கள் வீட்டில் அம்மம்மாவுக்கு உள்ளேயே ஒரு குளியலறை கட்டுவது என்று தை மாதம் முடிவானது. அவருக்கு 81 வயது. இதுவரை கிணற்றடியில்தான் குளித்தார். கார்த்திகை மழையில் பாசி பிடித்த சீமெந்தில் வழுக்கி விழுந்து கை எலும்பு வெடித்தது. ஆறு கிழமை கட்டோடு இருந்த பிறகும் "கட்டு அவிழ்த்தவுடன நான் கிணத்தடிக்குப் போவன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா விடவில்லை. அம்மம்மாவின் அறைக்குப் பக்கத்தில் பழைய சாமான் அறை ஒன்று இருந்தது. அதைக் குளியலறை ஆக்குவது, வழுக்காத ரைல்ஸ் போடுவது என்று பேசி முடித்தார்கள்.

நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறேன், மூன்றாம் வருடம். பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா இருந்ததால் மாமாவுக்குக் கையாளாக நின்றேன். மாமா மேசன். முப்பது வருடத்துக்கு மேலான தொழில். "பொம்பிளைப் பிள்ளை சாந்து குழைக்கிறதோ?" என்று பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் கேட்டதை இங்கே விட்டுவிடுகிறேன். அதற்குத் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

வேலை முழுக்கப் பதினாறு நாள் எடுத்தது. அதில் ரைல்ஸ் ஒட்டியது கடைசி ஒன்றரை நாள். மிச்ச நாட்களில் செய்த எதுவும் இப்போது வெளியே தெரியாது. சாம்பல் நிற ரைல்ஸ்தான் தெரியும். வீட்டுக்கு வருகிற எல்லோரும் அதைப் பார்த்துத்தான் "வடிவாயிருக்கு" என்கிறார்கள்.

முதல் நாள் பழைய தரையை உடைக்க வேண்டும். அது சிவப்புச் சீமெந்துத் தரை. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் காலை வைத்தால் குளிருமே, அந்தத் தரை. 1967இல் அம்மம்மா கல்யாணம் கட்டி வந்தபோது அம்மப்பா தன் கையால் போட்டது. அம்மப்பாவும் மேசன்தான். மாமா அலவாங்கைக் கையில் எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு மூலையில் முதல் குத்தைக் குத்தினார். "ஐயா போட்டது சும்மா உடையாது" என்றார். சும்மா உடையவும் இல்லை, மத்தியானம் வரை எடுத்தது.

உடைத்த துண்டுகளை வெளியே அள்ளிக்கொண்டு போகும்போதுதான் கவனித்தேன். கம்பசில் அகழ்வாய்வு பற்றிப் படிக்கும்போது மண்ணடுக்குகளைப் படம் படமாகக் கீறியிருக்கிறோம். எங்கள் வீட்டுச் சாமான் அறையில் அதே மாதிரி ஓர் அடுக்கு கண்ணுக்கு முன்னால் நின்றது. மேலே கால் அங்குலம் கூட இல்லாத சிவப்புப் பூச்சு. அதற்குக் கீழே ஓர் அங்குலச் சீமெந்துச் சாந்து. அதற்குக் கீழே வெள்ளையாக, சிவப்புப் புள்ளிகளோடு மூன்று நான்கு அங்குலத்துக்குக் கெட்டியான ஒரு படை. அடியில் உடைந்த சுண்ணக்கல், பிறகு இடித்து இறுக்கின செம்மண். வெள்ளைப் படையில் இருந்த சிவப்புப் புள்ளிகள் உடைந்த கூரை ஓட்டுத் துண்டுகள். சுண்ணாம்போடு ஓட்டை இடித்துக் கலந்திருக்கிறார்.

"ஏன் மாமா ஓட்டுத் துண்டு?"

"சீமெந்து வாங்கக் காசில்ல. மேல பூசத்தான் கட்டும். கீழ சுண்ணாம்பு. ஓடு போட்டா ஈரத்துக்கு நிக்கும் எண்டு ஐயா சொல்லுவார்."

அன்று இரவு போனில் தேடிக்கொண்டிருந்தபோது கையைத் தலையில் வைத்தேன். இதே கலவையை ரோமர்களும் பாவித்திருக்கிறார்கள். குளியல் கூடங்கள், நீர்த்தொட்டிகள், நீர் கொண்டு போகும் வாய்க்கால்கள் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்போடு இடித்த ஓடும் உடைந்த மட்பாண்டமும் கலந்த சாந்துதான் பூசினார்கள். சும்மா சுண்ணாம்புச் சாந்து காற்றுப் பட்டால்தான் இறுகும், தண்ணீருக்குள் கிடந்தால் இறுகாது. சுட்ட களிமண்ணைத் தூளாக்கிச் சேர்த்தால் அது சுண்ணாம்போடு வேதி முறையில் சேர்ந்து ஈரத்திலும் இறுகி நிற்கும். கி.மு. முதலாம் நூற்றாண்டில் விற்றுவியஸ் என்ற ரோமக் கட்டடக் கலைஞர் கட்டடக் கலை பற்றிப் பத்துப் புத்தகங்கள் எழுதினார். ஏழாவது புத்தகத்தின் தொடக்கமே தரை போடுவது பற்றித்தான். அவர் சொல்கிற ஒழுங்கு இதுதான்: கீழே கையளவுக்குக் குறையாத கற்கள், அதற்கு மேல் சுண்ணாம்பு கலந்த கல்லுடைசல், அதை ஆட்கள் கூட்டமாக நின்று மரக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும், அதற்கு மேல் மூன்று பங்கு ஓட்டுத் தூளுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு விரல் தடிப்புக்குக் குறையாமல், கடைசியில்தான் கண்ணுக்குத் தெரிகிற தளக்கல்.

ரோமிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இது வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வரலாற்று மாணவர்களுக்கு அந்த ஆசை எப்போதும் உண்டு, இரண்டு இடத்தில் ஒன்று மாதிரிக் கண்டால் நடுவில் ஒரு கப்பலை ஓட்டிவிடுவோம். சுண்ணாம்பும் சுட்ட மண்ணும் ஈரமும் இருக்கிற எந்த ஊரிலும் ஒருவர் இதைக் கண்டுபிடிக்கலாம். எனக்குப் பிடித்தது வேறு. விற்றுவியஸ் சொன்ன மேலடுக்கைத் தவிர மிச்சமெல்லாம் எங்கள் வீட்டில், அதே ஒழுங்கில் கிடந்தது.

விற்றுவியஸ் இன்னொன்றும் சொல்கிறார். கூரையில்லாத, மழைபடுகிற தரைக்குப் பத்து அடிக்கு இரண்டு விரல் சரிவு வைக்க வேண்டும். ரோம அடி ஒன்றுக்குப் பதினாறு விரல். கணக்குப் பார்த்தால் எண்பதுக்கு ஒன்று. காலையில் மாமாவிடம் கேட்டேன், நாங்கள் எவ்வளவு வைக்கிறோம் என்று. "அடிக்குக் கால் அங்குலம்" என்றார். அது நாற்பத்தெட்டுக்கு ஒன்று. ரோமர்களை விடக் கூட. ஏன் என்று கேட்டால், "அவைக்குச் சம்போ இருந்ததே? தலைமயிரும் சவுக்கார நுரையும் சேர்ந்தா தண்ணி மெதுவாத்தான் ஓடும்" என்றார். மழைத் தண்ணீருக்கும் குளிக்கிற தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லமாட்டார்கள்.

மாமா சரிவை வாட்டம் என்றுதான் சொல்வார். சுவருக்குச் சுவர் நூல் பிடித்து, தண்ணி நிரப்பின தெளிவான ரியூப்பை இரண்டு முனையிலும் தூக்கி மட்டம் பார்த்து, ஆணி அடித்து அடையாளம் வைத்தார். தூர மூலையிலிருந்து போக்கு ஓட்டைக்கு நாலடி. ஆக, ஓட்டை ஓர் அங்குலம் கீழே இருக்க வேண்டும். ஓர் அங்குலம்தானே என்று நினைத்தேன். அந்த ஓர் அங்குலத்தை நான்கு பக்கமிருந்தும் ஒரு புள்ளிக்குக் கொண்டுவருவதற்கு ஒரு முழு நாள் போனது. மட்டமான தரை போடுவது சுகம். கண்ணுக்கு மட்டமாகவும் தண்ணிக்குச் சரிவாகவும் இருக்கிற தரை போடுவதுதான் தொழில்.

அதிலும் வாட்டத்தை இரண்டு தரம் வைத்தார். இதுதான் எனக்கு முதலில் விளங்கவில்லை. கொங்கிறீற் போடும்போதே ஒரு வாட்டம். அதன் மேல் வோட்டர்புறூவ் பூச்சு. அதற்கு மேல் சாந்து, அதிலும் வாட்டம். பிறகுதான் ரைல்ஸ். மேலே ஒரு தரம் சரிவு வைத்தால் போதாதா? போதாது. நாங்கள் எல்லோரும் ரைல்ஸ் தண்ணியை மறிக்கும் என்று நினைக்கிறோம். ரைல்ஸ் மறிக்கும், ரைல்ஸுக்கும் ரைல்ஸுக்கும் நடுவில் நிரப்புகிற வெள்ளைச் சீமெந்து மறிக்காது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணி உள்ளே இறங்கும். இறங்கின தண்ணி பூச்சில் வந்து நிற்கும். பூச்சுக்குக் கீழே மட்டமாக இருந்தால் அது அங்கேயே கிடக்கும். வெளியே போக வழியில்லை. சாந்து எந்த நேரமும் ஈரமாக, ஓரங்கள் கறுத்து, அறை மணக்கத் தொடங்கும். பூச்சும் சரிந்திருந்தால் உள்ளே இறங்கின தண்ணியும் மெல்ல மெல்லப் போக்குக்கு வந்துவிடும். அதனால்தான் மாமா பூச்சை ஓட்டையின் விளிம்போடு நிறுத்தாமல் தூரிகையால் உள்வாய் வரை இழுத்துவிட்டார். ஆட்கள் பார்க்கிற தரை ஒன்று, தண்ணி பார்க்கிற தரை இன்னொன்று. இரண்டும் ஒரே அறையில் இருக்கின்றன.

உயர்தரத்திலும் கம்பசிலும் மொகஞ்சதாரோவின் பெருங்குளியல் குளம் பற்றிக் குறைந்தது மூன்று தரம் விடை எழுதியிருக்கிறேன். சடங்குத் தூய்மை, பூசகர் ஆட்சி, நகரத் திட்டமிடல் என்று வழக்கமான சொற்கள். 1925-26 பருவத்தில் ஜோன் மார்ஷல் தலைமையில் அகழப்பட்டது, கிட்டத்தட்ட 12 மீற்றர் நீளம், 7 மீற்றர் அகலம், 2.4 மீற்றர் ஆழம். இதெல்லாம் பாடம். நாலாயிரத்தைந்நூறு வருடத்துக்கு முதல் ஒரு குளத்தில் தண்ணியை எப்படி நிறுத்திவைத்தார்கள் என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது அதே அறிக்கைகளை மாமாவின் கண்ணால் பார்க்கிறேன். தரையில் செங்கற்களைப் படுக்கவைக்கவில்லை, விளிம்பில் நிறுத்தி அடுக்கியிருக்கிறார்கள். தேய்த்துச் சரிபார்த்த கற்கள், இடையில் ஜிப்சம் சாந்து. சுவருக்குப் பின்னால் ஓர் அங்குலத் தடிப்புக்கு நிலக்கீல், அது வழிந்து விழாமல் பிடிக்க இன்னொரு செங்கற் சுவர், அதற்குப் பின்னால் களிமண். தரை தென்மேற்கு மூலையை நோக்கிச் சரிகிறது. அந்த மூலையில் போக்கு. நாங்கள் படம் பார்த்து வியந்தது முன்னால் தெரிகிற செங்கல்லை. தண்ணியை மறித்தது பின்னால் ஒளித்திருந்த அந்தக் கறுப்புப் படை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இன்றைக்கும் குளியலறைத் தரைக்கு ரைல்ஸ் போட முதல் சூடான தாரை உருக்கிப் பூசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். வேறு இடங்களில் ஒரு காலத்தில் ஈயத் தகட்டை விரித்தார்கள். மாமா சீமெந்துத் தூளும் பால் மாதிரி ஒரு திரவமும் கலந்து இரண்டு தரம் பூசினார், முதல் தரம் நெடுக்காக, அடுத்த நாள் குறுக்காக. பொருள்தான் வேறு.

பெருங்குளியல் குளம் ஒன்றே ஒன்று. ஆனால் அந்த நகரத்தின் வீடுகளிலும் குளிக்கிற தளங்கள் இருந்தன. தேய்த்த செங்கல்லை இறுக்கமாக அடுக்கி, ஒரு பக்கம் சரித்து, தெருவில் ஓடுகிற வடிகாலுக்குத் தண்ணி போக வழி வைத்த சின்னத் தளங்கள். பெருங்குளத்தில் யார் குளித்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் நூறு வருடமாகச் சண்டை பிடிக்கிறார்கள். வீட்டுத் தளத்தில் யார் குளித்தார்கள் என்பதில் சண்டைக்கு இடமில்லை, வீட்டுக்காரர்கள்தான். எனக்கு இரண்டாவதுதான் கூடப் பிடிக்கிறது.

எங்கள் நாட்டுக்கு நெருக்கமான ஒரு சாட்சியம் பாளி நூலில் இருக்கிறது. பௌத்த துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்கிற விநயபிடகத்தில் சுல்லவக்கம் என்ற பகுதி. அதில் ஜந்தாகரம் என்ற சூட்டுக் குளியல் வீடு பற்றி வருகிறது. அநுராதபுரக் காலத்து மடங்களில் இந்த ஜந்தாகரங்களின் இடிபாடுகளை இன்றும் பார்க்கலாம், மிகிந்தலையிலும் குருநாகல் மாவட்டத்து அரன்கலையிலும். நூலில் கதை இப்படிப் போகிறது. குளியல் வீட்டுத் தரை சேறாகிறது, துறவிகள் புத்தரிடம் முறையிடுகிறார்கள். செங்கல், கல், மரம் என்று மூன்று வகைத் தளத்துக்கு அனுமதி கிடைக்கிறது. அதற்குப் பிறகும் சேறு. கழுவ அனுமதி. கழுவினால் தண்ணி தேங்கி நிற்கிறது. அப்போதுதான் வடிகாலுக்கு அனுமதி.

ஒழுக்க விதி நூலில் இது ஏன் என்று முதலில் சிரித்தேன். மாமாவுக்குச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "இப்பவும் உப்பிடித்தான் செய்யினம். ரைல்ஸ் எல்லாம் வாங்கி அடுக்கிப்போட்டுத்தான் கூப்பிடுவினம், தண்ணி எங்க போறது எண்டு கேட்டா முழிப்பினம்." அவருடைய ஒழுங்கு நூலுக்கு நேர்மாறு. முதல் போக்கு, பிறகு தரை.

கிணற்றடிக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. தண்ணி முழுக்கச் சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைத் தண்ணிதான், கிணற்றால் எடுக்க வேண்டும். துலாவும் பட்டையும் இருந்த காலத்திலும், கப்பியும் வாளியும் வந்த பிறகும், மோட்டர் வந்த பிறகும் குளிப்பு கிணற்றைச் சுற்றியே நடந்தது. கிணற்றடியைச் சுற்றிப் போட்ட சீமெந்துத் தரையை நன்றாகப் பார்த்திருக்கிறீர்களா? அது கிணற்றிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கும். குளித்த தண்ணி திரும்பக் கிணற்றுக்குள் போகக்கூடாது. ஓரத்தில் சின்ன வாய்க்கால், அது வாழைக்கும் தென்னைக்கும் போகும். அங்கேயும் வாட்டம்தான். ஒரு பிழை விட்டால் குடிக்கிற தண்ணி பழுதாகும் என்பதால் குளியலறையை விடக் கவனமான வாட்டம்.

அந்தத் தரையில் யார் நிற்கலாம் என்பதும் ஒரு கணக்காகத்தான் இருந்தது. அம்மப்பா 1960களில் பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டின் கிணற்றடிக்குத் தரை போட்டார். பத்து நாள் வேலை. சாந்து குழைக்கத் தண்ணி வேண்டும், ஆனால் அவர் கிணற்றில் கை வைக்கக்கூடாது. அந்த வீட்டு ஆள் ஒருவர் அள்ளி இவருடைய வாளிக்குள் ஊற்றுவார். குடிக்கக் கேட்டால் கையில் ஊற்றுவார்கள், தேத்தண்ணி சிரட்டையில். வேலை முடிந்த நாள் மேலெல்லாம் சீமெந்து. தான் போட்ட தரையில் நின்று ஒரு வாளி வார்க்க முடியாமல் அப்படியே சைக்கிளில் வீட்டுக்கு வந்து எங்கள் கிணற்றில் குளித்தார். இதை எனக்குச் சொன்னது அம்மம்மா, அதுவும் வேறு எதையோ சொல்லிக்கொண்டு போகும்போது நடுவில். "சீமெந்து காஞ்சு தோலை உரிச்சுப்போட்டுது" என்பதுதான் அவருக்கு ஞாபகம் நின்றது.

சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியது, அதாவது இந்தக் கதைக்கு முன்னரே. சட்டத்தைப் பற்றிப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆலயப் பிரவேசப் போராட்டம், 1968 மாவிட்டபுரம், தேநீர்க்கடைகள் எல்லாம் எழுதினேன். எழுதும்போது என் அம்மப்பாவின் வாளி எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளின் வரலாற்றை எழுதுகிறவர் துலா, பட்டை, குறுக்குக்கட்டு என்று இனிமையாக எழுதிவிட்டுப் போகலாம், நிறையப் பேர் எழுதியும் இருக்கிறார்கள். அந்தத் தரைகளைப் போட்டவர்கள் எங்கே குளித்தார்கள் என்ற கேள்வியைச் சேர்த்தால் கட்டுரை அவ்வளவு இனிக்காது.

சீமெந்தின் கதையும் இதற்குள் வருகிறது. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. எங்கள் காலுக்குக் கீழே கிடந்த அதே சுண்ணக்கல்லை வெட்டிச் சுட்டு அரைத்து பையில் கட்டினார்கள். அதற்குப் பிறகுதான் சாதாரண வீடுகளின் கிணற்றடிக்கும் சீமெந்துத் தரை பரவலாக வந்தது. 1990இல் போர் திரும்பத் தொடங்கியதோடு தொழிற்சாலை நின்றது. அதே காலத்தில் வடக்குக்குக் கொண்டுவரத் தடைசெய்த பொருட்களில் சீமெந்தும் ஒன்று. சீமெந்து செய்த ஊரில் சீமெந்து இல்லை. மாமாவுக்கு அப்போது பதினெட்டு வயது, தொழில் பழகத் தொடங்கின நேரம். அம்மப்பா சுண்ணாம்பும் மணலும் இடித்த ஓடும் வைத்துத்தான் அவருக்குப் பழக்கினார். "சீமெந்தில பழகியிருந்தா எனக்கு ஒண்டும் தெரிஞ்சிராது. சீமெந்து எல்லாப் பிழையையும் மூடிப்போடும். சுண்ணாம்பு மூடாது" என்று மாமா சொன்னார். 1995இல் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது வீட்டை விட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது கூரையில் பாதி இல்லை, சாமான் அறைத் தரை மட்டும் வெடிக்காமல் இருந்தது. அதைத்தான் நாங்கள் அலவாங்கால் உடைத்தோம்.

பிறகு வந்ததை எல்லோரும் அறிவோம். 2009க்குப் பிறகு வீட்டுத்திட்டங்கள், வெளிநாட்டுக் காசு, கொழும்பிலிருந்து லொறி லொறியாக ரைல்ஸ். 2020இல் ரைல்ஸ் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது, 2022இல் சீமெந்து விலை ஏறியது, பாதியில் நின்ற குளியலறைகள் எத்தனையோ. மாமாவும் அந்த வருடம் வேலையில்லாமல் இருந்தார்.

இனிப் பரிசோதனை நாள். இரண்டாம் பூச்சுக் காய்ந்ததும் போக்கு ஓட்டையைத் துணிப்பந்தால் இறுக அடைத்து, வாசலில் இரண்டு செங்கல்லை வைத்து மறித்து, தரை முழுக்க இரண்டு அங்குலத்துக்குத் தண்ணி விட்டோம். சுவரில் தண்ணி மட்டத்துக்குப் பென்சிலால் கோடு. இருபத்துநாலு மணித்தியாலம் விட வேண்டும். பிந்தின வேலை, அம்மா அவசரப்படுகிறார், ரைல்ஸ் பெட்டிகள் விறாந்தையில் வழியை மறித்துக்கொண்டு கிடக்கின்றன. இந்த ஒரு நாளைத்தான் எல்லோரும் வெட்டுவார்கள் என்றார் மாமா. கூலிக்காரர் சும்மா இருக்கிற நாளுக்கு வீட்டுக்காரர் காசு குடுக்க விரும்பமாட்டார். எங்கள் வீட்டில் கூலி இல்லாததால் அந்தச் சண்டை இல்லை.

அடுத்த நாள் காலை பார்த்தேன். தண்ணி கோட்டுக்குக் கால் அங்குலம் கீழே நின்றது. எனக்கு வயிறு கலங்கியது. மாமா குந்தியிருந்து சுவரோரமாக ஒவ்வொரு மூலையையும் விரலால் தடவினார். வெளிப்பக்கம் போய் அத்திவாரத்தைப் பார்த்தார். பக்கத்து அறையில் அம்மம்மாவின் கட்டிலுக்குப் பின்னால், சுவரின் அடியில் உள்ளங்கை அளவுக்கு ஈரம். தண்ணியை இறைத்து, காயவிட்டு, அந்த மூலையைக் கொத்தினார். தரையும் சுவரும் சந்திக்கிற இடத்தை நேர்மூலையாக விடாமல் சாந்தால் வளைத்து நிரப்ப வேண்டும், அப்போதுதான் பூச்சு மடிந்து வெடிக்காது. மூன்று மூலையை மாமா நிரப்பினார். நாலாவதை என்னிடம் தந்திருந்தார். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, "கொத்தின இடத்த நனை" என்று மட்டும் சொன்னார். பதினாறு நாளில் மூன்று நாள் அந்த மூலைக்குப் போனது. ரைல்ஸ் ஒட்டிவிட்டுக் கண்டுபிடித்திருந்தால் அம்மம்மாவின் படுக்கையறைச் சுவர் முழுக்க மாரிக்குள் ஊறியிருக்கும்.

மூன்றாம் நாளில் நடந்த ஒன்றைக் கடைசியாகச் சொல்ல வேண்டும். கொங்கிறீற் போட முதல், குழாய்களை மண்ணில் படுக்கவைத்திருந்தோம். மாமாவின் திட்டப்படி குளிக்கிற தண்ணி பின்பக்கத்து ஊறுகுழிக்குப் போகும். அம்மம்மா கட்டுப்போட்ட கையோடு மெதுவாக வந்து வாசலில் நின்றார்.

"தண்ணி எங்க போகுது?"

"குழிக்கம்மா."

"குழிக்கேன்? வாழைக்கு?"

மாமா விளக்கினார். சவுக்காரத் தண்ணி, குழாய் தூரம், இன்னும் மூன்று நீளக் குழாய் வாங்க வேண்டும், வாட்டம் காணாது. அம்மம்மா கேட்டுக்கொண்டு நின்றார். "ஐம்பத்தைஞ்சு வருசமா நான் குளிச்ச தண்ணியிலதான் அந்த வாழை நிக்குது. அதை மறிச்சுப்போட்டு எனக்கொரு குளிப்பு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் குடாநாட்டில் கிணற்றுத் தண்ணியில் நைத்திரேற்றுக் கூடுவதற்கு உரமும் மலசலக் குழிகளும் காரணம் என்று படித்திருக்கிறேன். ஊரெல்லாம் குளியலறை உள்ளே வந்த பிறகு ஒவ்வொரு வளவிலும் ஒரு குழி கூடியிருக்கிறது. அந்தக் கணக்கை நான் மாமாவுக்குச் சொன்னேன். அவர் கேட்டாரோ தெரியாது. தாய் சொன்னதுக்காகத்தான் மாற்றியிருப்பார். ரியூப்பை எடுத்துக்கொண்டு வாழையடி வரைக்கும் போய் மட்டம் பார்த்தோம். முப்பத்தெட்டு அடி. தரையை இன்னும் மூன்று அங்குலம் உயர்த்தினால் வாட்டம் வரும் என்று கண்டது. உடைத்துக் குவித்திருந்த அம்மப்பாவின் தரைத் துண்டுகளை, ஓடும் சுண்ணாம்புமாக இருந்ததை, திரும்ப உள்ளே கொண்டுவந்து போட்டு இடித்து இறுக்கித்தான் அந்த மூன்று அங்குலத்தை உயர்த்தினோம்.

இப்போது அம்மம்மா உள்ளேதான் குளிக்கிறார். ஷவரைத் திறப்பதில்லை, "தூத்தல் மாதிரி, தலை நனையாது" என்கிறார். வாளியில் பிடித்துக் கோப்பையால் வார்க்கிறார். காலையில் நான் பின்வளவில் நின்றால் முதலில் உள்ளே கோப்பைச் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக் குழாய் வாயில் நுரையோடு தண்ணி வந்து வாழையடியில் விழும்.